தொட்டி எண் மூன்று

சுங்குவார்சத்திரம்
14 ஜூலை 2024

தம்பி சாம்சனுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் நம்பரை பிளாக் செய்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் நான் கத்துவேன், நீ போனை வைப்பாய், அப்புறம் இன்னொரு ஐந்து மாதம். காகிதத்தில் கத்தினால் நீ பாதியில் வைத்துவிட முடியாது. அதனால் பேனாவை எடுத்தேன்.

பிப்ரவரியில் பதினோரு நாள் நீலக்காரத் தோட்டத்தில் இருந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறாய். அங்கிருந்து நம் வீடு எட்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ ஏறினால் அரைமணி நேரம். நீ வரவில்லை. டீக்கடை ரத்தினம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அன்றைக்குத்தான் பிளாக் செய்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. எழுபது வயதில் அந்த மனுஷிக்கு இது வேறு எதற்கு?

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. நேற்று ஹாஸ்டல் பெண்கள் இருவரை ஒரகடத்தில் இன்டர்வியூவுக்கு விட்டுவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்து வாசலில் பெரிய போர்டு பார்த்தேன். குடோன் கட்டப் போகிறார்களாம். பழைய பங்களாவை மட்டும் புதுப்பித்து வெளிநாட்டு ஆட்களுக்கு விருந்தினர் மாளிகை ஆக்குவார்களாம். கீழே தோட்டத்தின் வரைபடம். மூலையில் 'வரைந்தவர்: ஞா. சாம்சன்' என்று போட்டிருந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் நம் இடத்தைத் தேடினேன். ஆறு சின்னக் கட்டம் போட்டு, 'பயன்படாத தண்ணீர்த் தொட்டிகள் (6), மூடப்படும்' என்று எழுதியிருக்கிறாய்.

தண்ணீர்த் தொட்டியா சாம்சன்? துரை காலத்தில் நீலச்செடியை ஊறவைத்து அடித்த தொட்டிகள் அவை. நம் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடித்தார்கள். நீலம் காய்ச்சுவது நின்றுபோன பிறகு அதே ஆட்கள் அந்தச் சுவர்மேல் மண்சுவர் எழுப்பி, ஓலை போட்டுக் குடியேறினார்கள். ஆறு தொட்டியில் ஆறு குடும்பம். மூன்றாவது நம்முடையது. நான் அங்கே பிறந்தேன். நீ பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் தூங்கினாய். தொண்ணூற்றாறில் காலி செய்யச் சொன்னபோது அப்பா சாமான் தூக்க, அம்மா உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாளே, அதுவும் மறந்துபோச்சா?

எப்படி எழுதினாயோ அப்படியே மாற்று. இல்லையென்றால் நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளுக்கு, தொட்டிகளைச் சுற்றி மண்டின முள்ளுக்கு வெளியே நின்று வருஷா வருஷம் வைக்கிற மெழுகுவர்த்தியை அம்மா எங்கே போய் வைப்பாள்? அதையாவது யோசித்தாயா?

அக்கா,
இசைவாணி

—

புதுச்சேரி
23 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. சங்கரநாராயணன் சார் கையில் எடுத்துவந்து கொடுத்தார். "இந்தக் காலத்துல கடுதாசி போடற அக்கா! நீ குடுத்து வெச்சவன்யா" என்றார். நான் சிரித்துவைத்தேன். பழைய கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்துவதில் அவர் பெரிய பெயர். பதினாலு வருஷமாக அவரிடம் வரைகிறேன். அவர் என்னை நம்புகிறார். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அந்தப் பங்களாவுக்குள் நாம் சிறுவயதில் ஒருநாளும் போனதில்லை. பிப்ரவரியில்தான் முதன்முறையாகப் போனேன். தெற்குத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு தூண்கள். செங்கல் தூண்தான், ஆனால் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்திருக்கிறார்கள். இருநூறு வருஷம் ஆகப்போகிறது, கன்னத்தை வைத்தால் சில்லென்கிறது. கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக, சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு அடித்திருக்கிறார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நம் ஓலை ஒழுகாத மழை உண்டா என்று யோசித்தபடியே அதை வரைந்தேன்.

எல்லா ஜன்னலும் ஒரே உயரம். கிழக்கில் ஒன்று மட்டும் தாழ்வாக இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆறு தொட்டியும் தெரிகிறது. துரை உட்கார்ந்தபடியே ஆட்களைப் பார்த்துக்கொள்ள வைத்த ஜன்னல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று தெரியும்.

சார் ஒருநாள்தான் வந்தார். தொட்டிகள் சீமைக்கருவேலத்துக்குள் மறைந்து கிடந்தன. "சாம்சன், நீங்க இந்தப் பக்கத்து ஆள்தானே, நீலத் தொட்டி எங்கயாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். "அதெல்லாம் எப்பவோ இடிஞ்சுபோச்சு சார். இது மாந்தோப்புக்குத் தண்ணி தேக்கக் கட்டினது" என்றேன். தவறுதலாக எழுதவில்லை அக்கா. பொய்தான் சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த வாத்தியார் எல்லோரையும் எங்கே வீடு என்று கேட்டார். நான் தொட்டி என்றேன். அவர் காதில் தோட்டி என்று விழுந்தது. பதிவேட்டில் அப்பா தொழில் என்கிற இடத்தில் அதையே எழுதிவிட்டார். அன்றிலிருந்து வருஷக் கடைசிவரை எனக்கு அதுதான் பெயர். மழைக்காலத்தில் நம் சுவர் ஈரம் கோத்து நீலம் விடும், ஞாபகம் இருக்கிறதா? சாய்ந்து உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டும். முன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பின்னால் சிரிப்பார்கள். நீலத் தொட்டி என்று எழுதினால் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், கருவேலத்தை வெட்டுவார்கள், சுவரில் அடுப்புக் கரி இருப்பதைப் பார்ப்பார்கள், இங்கே யார் குடியிருந்தது என்று கேட்பார்கள். சார் என் பக்கம் திரும்புவார். அந்தத் திரும்பலுக்குத்தான் பயந்தேன்.

வீட்டுக்கு வராததும் அதனால்தான். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அந்தக் கட்டத்தில் அப்படி எழுத என்னால் முடியாது.

மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியிருந்தாய். அது தாத்தாவுக்குத்தானே? தாத்தாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சிலுவையே இருக்கிறது. அங்கே வைத்தால் என்ன?

சாம்சன்

—

சுங்குவார்சத்திரம்
1 ஆகஸ்ட் 2024

சாம்சன்,

பேதுரு மூன்று தடவை மறுதலித்தான், சேவல் கூவியது. உனக்குக் கூவ ஒரகடத்தில் ஒரு சேவல்கூட மிச்சமில்லை போலிருக்கிறது. தோட்டி என்றால் மட்டும் என்ன குறைந்துவிட்டது? அவர்களும் உழைத்துத்தானே சாப்பிடுகிறார்கள்? ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு ஒரு வாத்தியார் இரட்டைக்கொம்பு போட்டார். அதற்காக நீ முப்பது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறாய்.

இப்படித்தான் நாலு பக்கம் திட்ட நினைத்து உட்கார்ந்தேன். உன் கடைசி வரியைத் திரும்பப் படித்ததும் கை ஓடவில்லை. பி ஷிப்ட் பெண்கள் சாப்பிட வந்து நின்றுகொண்டு, "இன்னா வார்டனக்கா, அழுவுறியா?" என்று கேட்டார்கள். வெங்காயம் என்றேன். அன்றைக்குச் சாப்பாடு தயிர்சாதம். ஒருத்தியும் நம்பவில்லை.

மெழுகுவர்த்தி தாத்தாவுக்கு இல்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தாள். எழுபத்தேழில். ஒன்பது நாள் இருந்தாள். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் நம் கோயிலுக்கு வருவார். அவர் வருவதற்குள் போய்விட்டாள். ஞானஸ்நானம் ஆகவில்லை, மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கிடையாது என்று கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் இல்லாததால் பெயரும் வைக்கவில்லை. தோட்டத்து நிலத்தில் புதைக்க மேஸ்திரி விடவில்லை. அப்பா தொட்டிக்குள்ளேயே, வடகிழக்கு மூலையில், தரைச் செங்கல்லை நெம்பி எடுத்துவிட்டு அங்கே வைத்தார். திரும்பச் செங்கல்லைப் பதித்துச் சாணி மெழுகினார்கள். அந்த மூலைக்கு மேலேதான் எனக்குத் தொட்டில் கட்டினார்கள். உனக்கும் அங்கேதான். அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துத்தான் படுப்பாள். தொண்ணூற்றாறில் எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்ததும் அந்த மூலையில்தான்.

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். அம்மாவுக்கு இது தெரிந்தது நீ பிறந்த பிறகு, ஒரு பிரசங்கத்தில். வீட்டுக்கு வந்து, "ஒரு சொம்பு தண்ணிதானே" என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உனக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அம்மா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள். நடுவில் நீ ஒன்றும் தெரியாமல் வளர்ந்திருக்கிறாய். இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக என்னைத் திட்டு. ஆனால் அந்தத் தொட்டியை மூட விடாதே.

அக்கா

—

புதுச்சேரி
19 ஆகஸ்ட் 2024

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துவிடு. உன் கடிதம் வந்த அன்றே சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்ததுபோல அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்து, அந்த ஆறு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாம்சன். பங்களாவை விட்டுட்டு இதைத்தானே முதல்ல காப்பாத்தியிருப்பேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டே நாளில் புது வரைபடம் போட்டுக் கொடுத்தேன். 'நீலத் தொட்டிகள், பின்னர் தொழிலாளர் குடியிருப்பு, காக்கப்பட வேண்டியவை' என்று எழுதினேன். சார் குடோன் கம்பெனிக்கு மூன்று தடவை கடிதம் எழுதினார், இரண்டு தடவை நேரில் போனார். அனுமதியெல்லாம் முதல் வரைபடத்தை வைத்தே வாங்கியாகிவிட்டது, இனி மாற்றினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்கிறார்கள். "உங்க ஆபீஸ் முத்திரைதானே சார் இதுல இருக்கு?" என்று கேட்டார்களாம். மறுபடி முயல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்றாம் தொட்டியின் தரையை நான் அளந்தேன். மற்ற இடமெல்லாம் செங்கல் மீன்முள் மாதிரி சாய்வாகப் பதித்திருக்கிறது. வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன இடம் மட்டும் நேராகக் கிடந்தது. இரண்டே முக்கால் அடிக்கு ஒன்றே முக்கால் அடி. அன்று பிரஷ்ஷை எடுத்துவரவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் துடைத்தேன். நோட்டில் 'பிற்காலப் பழுது, கைத்தேர்ச்சி இல்லாதவர் வேலை' என்று எழுதினேன்.

அப்பா பதித்த கல் அக்கா. அதைப் பார்த்துத்தான் கைத்தேர்ச்சி இல்லை என்று எழுதினேன். அந்த நோட்டைப் பிரிக்க முடியவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

சாம்சன்

—

சுங்குவார்சத்திரம்
22 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

முடிந்துவிட்டது. ஒன்பதாம் தேதி டிப்பர் லாரிகள் வந்தன. பதினொன்றாம் தேதி ரோலர் ஓட்டிவிட்டார்கள். வாசல் செக்யூரிட்டி கங்காவின் தங்கை நம் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். கங்காதான் எனக்குச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆறாவது தொட்டியின் மூலை ஒன்று மட்டும் தெரிந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் நீலம் அப்படியே இருந்தது. ஒரு கட்டி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கங்காவைக் கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த லோடு விழுந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருநாளுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அன்றைக்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்திச் சொல்வதைவிட இப்போதே சொல்வது மேல் என்று பட்டது. சொன்னேன். அழுவாள் என்று தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தேன்.

"மேல கொட்டினாங்களா, நோண்டினாங்களா?" என்று கேட்டாள்.

"மேலதாம்மா கொட்டினாங்க."

"அப்ப புள்ள அங்கதானே கீது?"

"அங்கதாம்மா."

சரி என்று தலையாட்டினாள். அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "சாம்சன் பதினோரு நாள் அங்க இருந்தானே, அந்த மூலைய அவன் கையால தொட்டானா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மறைத்தது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ரத்தினம் என்னிடம் சொல்வதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டான். "இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு பதினோரு நாளும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன். மறுநாளு பழையதா நான்தான் துன்னேன்" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் உனக்கு எழுதாமல் விட்டிருப்பேன்.

"தொட்டாம்மா. கையாலயே மண்ணத் தொடச்சானாம்" என்றேன்.

"வூட்ட காலி பண்ணப்புறம் அவளத் தொட்டுட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான். நீகூட பயந்துகினு கிட்ட போவமாட்ட" என்றாள். உண்மைதான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த மூலை என்றால் பயம்.

அப்புறம் ஒன்று கேட்டாள். கருவேலம் இல்லை, சுவர் இல்லை, கண்ணுக்கு எட்டினவரை ஒரே மட்டமாகக் கிடக்கிறது. "எங்கேன்னு கண்டுபுடிப்பேன்?" என்கிறாள். நீ சொல். எங்கே கூட்டிக்கொண்டு போகட்டும்?

அக்கா

—

புதுச்சேரி
18 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நோட்டைப் பிரித்துவிட்டேன்.

நான் சொல்வதை அப்படியே செய். ஹாஸ்டலில் துணி காயப்போடும் நைலான் கயிறு இருக்குமே, அதில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள். பங்களாவை இடிக்கமாட்டார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். தெற்குத் தாழ்வாரத்தின் கிழக்குக் கோடித் தூணின் அடியில் கயிற்றைக் கட்டு. அங்கிருந்து கிழக்கே நட. கோணலாகப் போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. அவ்வப்போது திரும்பிப் பார். பன்னிரண்டு தூணும் ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்து ஒரே தூணாகத் தெரிந்தால் நீ சரியான கோட்டில் நிற்கிறாய். இரண்டு தூண் தெரிந்தால் விலகிவிட்டாய். நூற்று முப்பத்தெட்டு அடி போனதும் நின்று ஒரு கல் வை.

அங்கிருந்து தெற்கே செங்கோணமாகத் திரும்ப வேண்டும். அதற்குத் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். தெற்கே நாற்பத்தொன்றரை அடி. அதுதான் அப்பா நேராகப் பதித்த கல்லின் நடு இடம். ஐந்தடி கீழே. தவறினால் ஒரு சாண் தவறலாம், அதற்கு மேல் தவறாது. என் வேலையில் நான் பொய் எழுதியது ஒரே ஒரு கட்டத்தில்தான். அளவில் பொய் எழுதியதில்லை.

தாளில் ஆறு தொட்டியும் போட்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி என்று எழுதவில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அம்மாவைக் கேட்டு எழுதிக்கொள்.

நான் வரவில்லை அக்கா. பஸ் நிலையம்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். அந்த ஒரு ஆழாக்குச் சோற்றைப் பற்றி நீ எழுதாமலாவது இருந்திருக்கலாம்.

சாம்சன்

—

சுங்குவார்சத்திரம்
3 நவம்பர் 2024

தம்பி சாம்சனுக்கு,

நேற்றுப் போய்வந்தோம்.

கங்கா காலை டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டாள். தூணில் அம்மாவே கயிற்றைக் கட்டினாள். கட்டிவிட்டுத் தூணைத் தடவிப் பார்த்து, "ஆமாண்டி, சில்லுனு கீது" என்றாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியிருந்தேன். எழுபது வருஷத்தில் அந்தத் தாழ்வாரத்தில் அவள் கால் வைத்தது நேற்றுத்தான்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். அம்மா தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். முதலில் இரண்டு தூண், அப்புறம் ஒன்றரை, அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒன்று. சாம்சன், உன் வேலை என்னவென்று இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

தரை முழுக்கச் சிமெண்ட் கல் பாவிவிட்டார்கள். லாரி நிறுத்துமிடம். நீ சொன்ன இடத்தில் ஒரு டிரெய்லர் நின்றது. அளவு சரியாக அதன் பின்சக்கரத்துக்கு அடியில் போய் முடிந்தது. டிரைவர் இறங்கிவந்து, "இன்னாம்மா, கயிறெல்லாம் புடிச்சிகினு? சர்வேயா?" என்று கேட்டார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "எம்பொண்ணு கீழ கீறா. வண்டிய கொஞ்சம் தள்ளிக்கோ நைனா" என்றாள். அவர் வண்டியை எடுத்து நாலு கட்டம் தள்ளி நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு வந்து நின்றார்.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு பையிலிருந்து சொம்பை எடுத்தாள். அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. தண்ணீரைக் கல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொன்னாள். நாற்பத்தேழு வருஷம் கழித்து. செத்தவர்களுக்குச் செல்லாது என்று உபதேசியார் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீர் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

பேர் வைக்க வேண்டுமே என்றேன். யோசிக்கவே இல்லை. மனசுக்குள் இத்தனை வருஷமாக வைத்திருந்தாள் போல. செந்தாமரை என்றாள். உன் தாளில் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "வூடுன்னு எழுது. வேற இன்னா எழுதுவ?" என்றாள். அம்மா பேரையும் சேர்த்து, 'ஞானம்மா வீடு, செந்தாமரை உள்ளே இருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து கோணல். பொறுத்துக்கொள்.

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. போனில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டால் நீ வரமாட்டாய்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடி வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அங்கேயே நின்றுகொண்டு சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"அவன்தான் எல்லாத்தையும் சரியா அளக்கறானே. அங்கேர்ந்து நம்ம வூட்டுக்கு எத்தினி அடின்னு அவன அளந்துகினு வரச் சொல்லு."

அக்கா,
இசைவாணி